தீர்ப்புக்குப் பின்னரும் தொடரும் வழக்கு: சிறுவர் துஷ்பிரயோகத் தீர்ப்புகளும் மேன்முறையீடும்

சிறுவர் துஷ்பிரயோக வழக்கொன்றில் மேல் நீதிமன்றம் எதிரியைக் குற்றவாளியாகக் கண்டு தண்டனை விதிக்கும் நாளில் அச்செய்தி பத்திரிகைகளில் முக்கிய இடத்தைப் பெறுகின்றது. எத்தனை ஆண்டு கடூழியச் சிறை, எவ்வளவு தண்டப்பணம், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு நட்டஈடு என்பனவெல்லாம் விபரமாக எழுதப்படுகின்றன. அத்துடன் அந்த வழக்கு முடிந்துவிட்டதாகவே வாசகர்கள் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் தண்டிக்கப்பட்டவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்வாராயின், அதே வழக்கு வேறொரு நீதிமன்றத்தில், வேறு நீதிபதிகளின் முன்னிலையில், வேறு விதமான பரிசீலனைக்கு உள்ளாகின்றது. அங்கு என்ன நடைபெறுகின்றது, எக்காரணங்களால் தீர்ப்புகள் நிலைக்கின்றன அல்லது வீழ்கின்றன, பிள்ளைக்கென விதிக்கப்பட்ட நட்டஈட்டின் கதி என்ன என்பனவற்றை எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம். பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றமாகும். எனவே தனிப்பட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் அடிப்படைச் சட்டத்தை நோக்குவோம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்டது. சிறுவர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியதன் பின்னர், 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இக்கோவையில் பாரிய மாற்றங்கள் செய்யப்பட்டன. பெண்பிள்ளையின் சம்மதம் கணக்கில் எடுக்கப்படாத வயதெல்லை 12இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. சிறுவர்களைக் கொடுமைப்படுத்துதல் 308அ பிரிவிலும், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் 365ஆ பிரிவிலும் தனிக்குற்றங்களாக்கப்பட்டன. 1998இலும் 2006இலும் மேலும் திருத்தங்கள் வந்தன.

18 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளை மீதான வன்புணர்வுக்கு 364(2) பிரிவு 10 ஆண்டுகளுக்குக் குறையாத, 20 ஆண்டுகளுக்கு மேற்படாத கடூழியச் சிறையை விதிக்கின்றது. அப்பிரிவின்படி தண்டப்பணத்துக்கு மேலதிகமாக, பாதிக்கப்பட்டவருக்கு ஏற்பட்ட ஊறுக்காக நீதிமன்றம் தீர்மானிக்கும் தொகையை நட்டஈடாகச் செலுத்துமாறும் குற்றவாளிக்குக் கட்டளையிடப்படல் வேண்டும். நீதிபதி விரும்பினால் விதிக்கலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம் என்பதல்ல சட்டத்தின் ஏற்பாடு. செலுத்தத் தவறினால் 2 ஆண்டுகள் வரை மேலதிகச் சிறை விதிக்கவும் இடமுண்டு.

இத்தகைய பாரதூரமான குற்றங்களை மேல் நீதிமன்றம் விசாரிக்கின்றது. அதன் தீர்ப்புக்கெதிரான மேன்முறையீடு கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. நீதவான் நீதிமன்றம் விசாரிக்கும் வழக்குகளில் மேன்முறையீடு அந்தந்த மாகாண மேல் நீதிமன்றத்துக்கே செல்லும். 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பயனாக வந்த ஏற்பாடு இது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவுக்கும் அப்பால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல விரும்புவோர், கணிசமான சட்டப் பிரச்சினையொன்று இருப்பதைக் காட்டி அனுமதி பெறல் வேண்டும். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கெதிரான மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் வழக்கின் மேலதிக நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. நட்டஈட்டை அறவிடும் நடவடிக்கையும் இதனால் தேங்கிவிடுகின்றது. பிள்ளையைப் பொறுத்தவரையில் மேன்முறையீட்டின் முதலாவது விளைவு இதுவேயாகும்.

மேன்முறையீட்டு நீதிபதிகள் சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரிப்பதில்லை. விசாரணையின்போது தட்டச்சு செய்யப்பட்ட வழக்கேடே அவர்கள் முன்னுள்ளது. பிள்ளை அழுததும், பதில் சொல்லத் தயங்கியதும், எதிரியைக் கண்டு தலை குனிந்ததும் அந்த ஏட்டில் இருப்பதில்லை. இதன் காரணமாகவே, சாட்சியை நேரில் கண்ட விசாரணை நீதிபதியின் முடிவில் இலகுவில் தலையிடுவதில்லை என்ற கொள்கையை மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றி வருகின்றன. அத்துடன், வழக்கில் நேர்ந்த தவறு மேன்முறையீட்டாளரின் கணிசமான உரிமைகளைப் பாதித்திருந்தால் அல்லது நீதி தவறுவதற்குக் காரணமாகியிருந்தால் அன்றி, தவறு நேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பை மாற்றலாகாது என அரசியலமைப்பின் 138ஆவது உறுப்புரை கூறுகின்றது. எனவே ‘சட்டத்தின் ஓட்டைகளால் எல்லோரும் தப்பிவிடுகின்றனர்’ என்ற பரவலான எண்ணம் முழுமையாகச் சரியானதன்று.

அவ்வாறாயின் தீர்ப்புகள் எங்கு வீழ்கின்றன?

பிள்ளையின் சாட்சியத்தை வேறு சாட்சியங்கள் உறுதிப்படுத்தவில்லை என்பது அநேகமாக ஒவ்வொரு மேன்முறையீட்டிலும் எழுப்பப்படும் வாதமாகும். ஒரு விடயத்தை நிரூபிப்பதற்கு இத்தனை சாட்சிகள் தேவை என்ற விதி எதுவுமில்லை எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆவது பிரிவு கூறுகின்றது. பாலியல் குற்றங்களில் உறுதிப்படுத்தும் சான்றைத் தேடுவது முன்னாளில் நீதிமன்றங்களின் வழக்கமாக இருந்ததாயினும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தகுந்ததாகவும் மனத்தில் உறுதியை ஏற்படுத்துவதாகவும் அமையுமாயின் அதனை மட்டுமே கொண்டு குற்றவாளியாகக் காணலாம் என்பது இன்று நிலைபெற்ற சட்டமாகும். வைத்திய பரிசோதனையில் காயம் காணப்படாமை, குற்றம் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆயினும், அந்த ஒரே சாட்சியத்தை ஏன் நம்பினார் என்பதை விசாரணை நீதிபதி எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத காரணத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது முரண்பாடுகள் பற்றிய வாதம். பொலிஸாரிடம் கூறியதற்கும் நீதிமன்றத்தில் கூறியதற்கும் இடையிலான வேறுபாடுகள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியால் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படுகின்றன. சாட்சி ஒருவர் நிகழ்வைப் படம்பிடித்தாற்போல நினைவில் வைத்திருப்பார் என எதிர்பார்க்கலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் குஜராத் மாநில வழக்கொன்றில் கூறியதை எமது நீதிமன்றங்களும் பல தடவைகள் மேற்கோள்காட்டி ஏற்றுள்ளன. எட்டு வயதில் நிகழ்ந்ததைப் பதினான்கு வயதில் கூறவேண்டிய நிலையிலுள்ள பிள்ளைக்கு இது மேலும் பொருந்தும். விளிம்பிலுள்ள வேறுபாடுகள் பொருட்படுத்தப்படுவதில்லை. குற்றச்சாட்டின் வேரைத் தொடும் முரண்பாடு விளக்கப்படாதிருந்தால் மட்டுமே அது எதிரிக்குச் சாதகமாகின்றது. முறைப்பாடு தாமதமானமையும் அவ்வாறே. பயமுறுத்தல், குடும்ப மானம், குற்றவாளி வீட்டிலேயே இருந்தமை போன்ற காரணங்கள் சாட்சியத்தில் வெளிக்கொணரப்பட்டிருந்தால் தாமதம் வழக்கைக் கெடுப்பதில்லை. அக்காரணத்தை எவரும் கேளாமலும் பதியாமலும் விட்டிருந்தாலே அது ஓர் இடைவெளியாகி விடுகின்றது.

இவ்விடத்தில் தமிழ் பேசும் மக்களுக்கே உரிய பிரச்சினையொன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் வழக்குகள் தமிழில் நடைபெறுகின்றன. மேன்முறையீடு செல்லும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் வழக்கேடு தயாரிக்கப்படல் வேண்டுமென அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை கூறுகின்றது. அதாவது பிள்ளையின் வாய்மொழி, மொழிபெயர்ப்பாக மாறிய பின்னரே பெரும்பாலும் பரிசீலிக்கப்படுகின்றது. எமது பிள்ளைகள் உடலுறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடப் பழக்கப்பட்டவர்களல்லர். ‘கூடாத வேலை செய்தார்’, ‘கை வைத்தார்’, ‘கரைச்சல் தந்தார்’ என்றே கூறுவர். இவற்றின் பொருள் தமிழ் நீதிபதிக்கும் சட்டத்தரணிக்கும் விளங்கலாம். ஆனால் ‘தொட்டார்’ அல்லது ‘தொந்தரவு கொடுத்தார்’ என மொழிபெயர்க்கப்பட்ட ஏட்டை வாசிப்பவருக்கு, சட்டம் வேண்டும் குற்றக் கூறுகள் நிரூபிக்கப்பட்டதாகத் தோன்றாது போகலாம். விசாரணையின்போதே பிள்ளை எதனைக் குறிப்பிடுகின்றது என்பதைப் படம் அல்லது பொம்மையின் உதவியுடன் தெளிவுபடுத்திப் பதிந்துகொள்வதே இதற்குப் பரிகாரமாகும்.

திகதிகளும் இத்தகையவையே. ‘தேர்த் திருவிழாவுக்கு அடுத்த நாள்’, ‘நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை’, ‘விளையாட்டுப் போட்டி நடந்த மாதம்’ என்றே பிள்ளை காலத்தைக் கணிக்கின்றது. அதனைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒரு குறிப்பிட்ட திகதியாக மாற்றி எழுதிவிட்டால், பிள்ளை நீதிமன்றத்தில் கூறுவது அத்திகதியுடன் பொருந்தாதுபோய், இல்லாத முரண்பாடொன்று பிறந்துவிடுகின்றது. வாக்குமூலமே சிங்களத்தில் எழுதப்படுமாயின் இந்த ஆபத்து இரட்டிப்பாகின்றது. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் எமது மக்கள் இதனை நன்கறிவர்.

விசாரணை நீதிமன்றத்தின் குறைபாடுகளாலும் தீர்ப்புகள் வீழ்வதுண்டு. தீர்க்கப்படவேண்டிய விடயங்கள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள் ஆகியவற்றைத் தீர்ப்பு உள்ளடக்க வேண்டுமென 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 283ஆவது பிரிவு கூறுகின்றது. சாட்சியங்களைச் சுருக்கி எழுதிவிட்டு, இறுதியில் ‘வழக்குத்தொடுநர் வழக்கை நிரூபித்துள்ளார்’ என ஒரு வரியில் முடிக்கும் தீர்ப்பு மேன்முறையீட்டில் பலவீனமானதாகும். எதிரி கூட்டில் நின்று சத்தியமின்றி அளிக்கும் கூற்றையும் எமது சட்டம் சான்றாகக் கருதுகின்றது. அதனைப் பரிசீலிக்காமல் விடுவதும், வழக்குத்தொடுநரின் சாட்சியை நம்பியதால் எதிரியின் கூற்றை நம்பவில்லை எனக் கூறுவதும் தவறுகளாகும். அவ்வாறு கூறுவது நிரூபிக்கும் சுமையை எதிரியின் தோளில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், நீதிபதி இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது, அவருக்குப் பின் வருபவர் முன்னைய சாட்சியங்களை ஏற்று வழக்கைத் தொடர நீதித்துறைச் சட்டம் இடமளிக்கின்றது. ஒருவர் பிள்ளையைக் கண்டிருக்க மற்றொருவர் தீர்ப்பு எழுதும் இந்நிலையில், நேரில் கண்ட நீதிபதிக்கு அளிக்கப்படும் மதிப்பு பெரிதும் குறைந்துவிடுகின்றது.

தவறு பாரதூரமானதாயின் மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிரியை விடுவிக்கலாம், அல்லது மறு விசாரணைக்குக் கட்டளையிடலாம். சாட்சியத்தின் வலிமை, கழிந்துபோன காலம், எதிரி சிறையிலிருந்த காலம், இரு தரப்புக்கும் ஏற்படும் பாதிப்பு ஆகியன இம்முடிவில் கவனத்திற் கொள்ளப்படுகின்றன. மறு விசாரணை என்பது சட்டத்தின் மொழியில் நடுநிலையான ஒரு தீர்வாகும். பாதிக்கப்பட்டவருக்கோ அது மறக்க முயன்ற அனைத்தையும் மீண்டும் சபையில் சொல்லும்படி விடுக்கப்படும் அழைப்பாகும். அப்போது அவள் திருமணமாகிப் பிள்ளை பெற்றவளாகவும் இருக்கக்கூடும். விசாரணை நீதிமன்றம் எழுதத் தவறிய சில பக்கங்களுக்கான விலையை அவளே செலுத்த நேர்கின்றது.

தண்டனையின் அளவு மற்றொரு விடயமாகும். சட்டம் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள் என்று கூறும்போது நீதிபதி அதற்குக் குறைவாக விதிக்க முடியுமா என்ற கேள்வியை அநுராதபுரம் மேல் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்திடம் அனுப்பியது. 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் பதிலளித்த உயர் நீதிமன்றம், 364(2)(உ) பிரிவிலுள்ள கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) ஆகிய உறுப்புரைகளுடன் முரண்படுவதாகவும், அப்பிரிவு எவ்வாறிருப்பினும் பொருத்தமான தண்டனையை விதிக்க நீதிபதிக்குத் தடையில்லை எனவும் கூறியது. பதின்ம வயதினர் இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்த வழக்கையும், பெரியவர் ஒருவர் சிறுமியை அச்சுறுத்திச் சீரழித்த வழக்கையும் ஒரே அளவுகோலால் அளக்கமுடியாது என்பதில் நியாயமுண்டு. ஆயினும் இத்தற்றுணிபு, சம்மதமே இல்லாத வழக்குகளிலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கு வழியாகுமாயின் சட்டத்தின் நோக்கமே பாழாகிவிடும். தண்டனை போதாதெனக் கருதும் சட்டமா அதிபர் அதனை உயர்த்துமாறு மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். பெற்றோரோ பிள்ளையோ மேன்முறையீட்டில் தரப்பினரல்லர் என்பதால் இவ்விடயத்தில் சட்டமா அதிபரின் விழிப்பே அவர்களுக்குள்ள பாதுகாப்பாகும்.

இனி நட்டஈட்டை நோக்குவோம். மேன்முறையீடுகளில் ஆண்டுக் கணக்கே நீண்ட வாதத்துக்குள்ளாகின்றது. நட்டஈட்டுத் தொகையோ பெரும்பாலும் தீர்ப்பின் இறுதி வரிகளில், எவ்வாறு கணிக்கப்பட்டது என்ற விளக்கமின்றி இடம்பெறுகின்றது. விளக்கமில்லாத தொகையை மேல்முறையில் குறைப்பதும் எளிது, கூட்டுமாறு கேட்பதோ கடினம். ‘ஊறு’ என்பதற்குத் தண்டனைச் சட்டக்கோவையே பரந்த பொருளைத் தந்துள்ளது. உடல், உள்ளம், நற்பெயர், உடைமை ஆகியவற்றில் எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்யப்பட்டாலும் அது ஊறாகும். எனவே தடைப்பட்ட கல்வி, உளவள சிகிச்சை, ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தமை, அவதூறு என்பன யாவும் கணக்கில் வருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. இவற்றுக்கான சான்றை வழக்குத்தொடுநர் முன்வைத்து, நீதிபதி அதனை எழுதிவைப்பாராயின் மேன்முறையீட்டில் அத்தொகை நின்று நிலைக்கும்.

காலதாமதம் நட்டஈட்டைக் கரைத்தும் விடுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணய மாற்று வீதம் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. அதற்கு முன் விதிக்கப்பட்டு மேன்முறையீட்டில் தேங்கிய தொகை, தீர்ப்பு உறுதியாகும்போது பாதிப் பெறுமதிகூட அற்றதாகிவிடலாம். குற்றவாளி பணத்தைச் செலுத்தாமல் மேலதிகச் சிறையை அனுபவித்துவிட்டால் பிள்ளையின் கையில் எதுவும் சேர்வதில்லை.

குற்றவியல் வழக்கைத் தவிர வேறு வழிகளும் உள்ளன. பாடசாலை, சிறுவர் இல்லம், பொலிஸ் நிலையம் போன்ற அரச இடங்களில் அரச அலுவலரால் தீங்கு நேர்ந்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்யலாம். ஆசிரியர் அறைந்ததால் மாணவரொருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை 11ஆவது உறுப்புரையின் மீறலெனத் தீர்ப்பளித்து, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்துமாறு கட்டளையிட்டது. தனியாரால் நேர்ந்த தீங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குத் தொடரலாம். அதற்கான காலவரையறை 2 ஆண்டுகளாயினும், பாதிக்கப்பட்டவர் 18 வயதை அடையும்வரை அக்காலம் ஓடத் தொடங்குவதில்லை. இதனை அறியாமலே பலர் உரிமையை இழக்கின்றனர். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தாலும், அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தாலும் குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கான அதிகார சபையும் உதவி ஏற்பாடுகளும் உருவாகியுள்ளன. இவை நகரங்களுக்கு வெளியே, தமிழில், எளிதில் கிடைக்கின்றனவா என்பதே கேள்வியாகும்.

மேன்முறையீடு எதிரியின் அடிப்படையான உரிமை என்பதை நாம் எவ்விதத்திலும் மறுக்கவில்லை. காணித் தகராறு, குடும்பப் பகை என்பனவற்றால் பொய் முறைப்பாடுகள் எழுவதும் உண்டு. யுத்த காலத்தில் விசாரணையின் பெயரால் எமது சமூகங்கள் பட்ட துன்பங்கள், நியாயமான வழக்கின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்பதை எமக்கு நன்கு உணர்த்தியுள்ளன. நிரபராதி ஒருவரை விடுவிக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தன் கடமையையே செய்கின்றது. ஆயினும் குற்றம் இழைத்தவரை வழக்கேட்டின் குறைபாடு விடுவிக்குமாயின், அக்குறைபாட்டுக்குப் பொறுப்பானவர்கள் நீதிமன்றப் படி ஏறிய பிள்ளைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாவர்.

2020இல் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளின் உச்ச எண்ணிக்கையை 12இலிருந்து 20ஆக உயர்த்தியமை நல்லதொரு படியாகும். ஆனால் நீதிபதிகளின் எண்ணிக்கையை உயர்த்துவது மட்டும் போதாது. பிள்ளையின் முதல் வாக்குமூலம் அதன் தாய்மொழியில், பயிற்சி பெற்றவரால், அது சொன்ன சொற்களிலேயே பதியப்படல் வேண்டும். ஆரம்ப விசாரணையை ஒளிப்பதிவு செய்து சான்றாக்க 1999இலேயே சட்டம் இடமளித்தது. அவ்வசதி வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் கிடைத்தல் வேண்டும். பிள்ளைகள் சாட்சியமளிக்கும் வழக்குகளை ஒரே நீதிபதி தொடங்கி முடிப்பதற்கு இடமாற்றங்கள் ஒழுங்குபடுத்தப்படல் வேண்டும். நட்டஈட்டுக்கான காரணங்கள் தண்டனைக்கான காரணங்களைப் போலவே எழுதப்படல் வேண்டும். இவ்வழக்குகளின் மேன்முறையீடுகள் முன்னுரிமையுடன் விசாரிக்கப்பட்டு, அவற்றின் நிலை குறித்துப் பெற்றோருக்குத் தமிழில் அறிவிக்கப்படல் வேண்டும்.

பெற்றோருக்கும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. மானத்துக்கு அஞ்சி முறைப்பாட்டைப் பின்போடும் ஒவ்வொரு நாளும், ஊரார் கூடிச் சமரசம் பேசும் ஒவ்வோர் இரவும், பின்னொரு காலத்தில் கொழும்பில் திறக்கப்படும் வழக்கேட்டில் விளக்கமில்லாத தாமதமாகவே காட்சியளிக்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவிப்பதும், பிறப்புச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவதும் எம்மால் இயன்றவை. மேன்முறையீட்டில் பிள்ளை பேசப்போவதில்லை. அதற்காகப் பேசவேண்டியது நாம் முதல் நாளிலேயே முறையாக எழுதிவைத்த ஏடுதான்.